கேற்றை முதலில் வாங்கியவள்

கேசிங்கைத்தான் முதலில் வாங்கினேன்.
கல்முனையில் நப்ரீஸ் சிரித்தே விட்டான்:
"வளவு வாங்க முதல் கேற்று வாங்குறீங்க அக்கா."
கண்ணாடிப் பக்கத்தில் ஒரு கீறல்,
அதற்கு ஆயிரத்து ஐந்நூறு கழிவு.
கீறலைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் முடிந்தது.

பஸ்ஸில் மடியில் ஏந்தி வந்தேன்.
கல்லாற்றுப் பாலம் தாண்ட, கொண்டக்டர்
"கோழிக்கூடோ?" என்று கேட்டு
கூட்டுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தான்.
ஐந்து மாதம் கூடாகவே கிடந்தது
களுவாஞ்சிகுடியில், மேசையடியில்.
பல்லி இரண்டு முட்டை இட்டுவிட்டுப் போயிற்று.

மாதத்துக்கு ஒரு சாமான்.
பால் நிலையச் சம்பளத்தில்
அரிசி, கரண்ட் பில், ரியூசன் போக
கையில் எது மிஞ்சுகிறதோ அது.

தோஹாவிலிருந்து இவர் குரல் அனுப்புவார்.
அறையில் எட்டுப் பேர்;
எட்டுப் பேரிடமும் எட்டு மதர்போட்.
"ரெம் பதினாறு இல்லாட்டி மறுகா அழுவீங்க"
என்பார் முகம் தெரியாத ஒருவர்,
பின்னால் சட்டி கிலுங்கும்.
"கிராபிக்ஸ் கார்ட் போடச் சொல்லு மச்சான்"
இன்னொரு குரல், கட்டிலின் மேல்தட்டிலிருந்து.
எனக்கு என்ன வேலை என்று
எட்டுப் பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

நப்ரீஸ் கேட்டான்.
சொன்னேன்:
மண்டூர், பழுகாமம், வெல்லாவெளிப் பக்கம்
எழுபத்திரண்டு பேர் ஊற்றும் பால்,
லீற்றர், கொழுப்பு, காசு.
யதுர்ஷிகாவின் பாடங்கள்.
இரவில் இவரின் முகம்.

"அப்ப கார்ட் வேணாம் அக்கா,
புரொசெசருக்குள்ளேயே எல்லாம் கிடக்கு."
வேணாம் என்று சொல்லி யாவாரம் செய்பவனை
அன்றைக்குத்தான் கண்டேன்.
பவர் சப்ளைக்கு மட்டும் அவன் இறங்கவில்லை.
மலிவானது தனியாகச் சாகாதாம்,
கூட இருப்பதையெல்லாம் கொண்டு போகுமாம்.
சீட்டுப் பிடித்தவள் ஊரை விட்டு ஓடியபோது
எங்கள் ஒழுங்கைக்கு நடந்தது
நினைவு வந்தது. நல்லதையே எடுத்தேன்.

ரெம் எட்டு, ஒரு துண்டு.
பக்கத்துத் துளை வெறுமையாய்.
தைக்குப் பிறகு பார்ப்போம்.
யு.பி.எஸ்ஸுக்குக் காசில்லை.
மாரியில் கரண்ட் சொல்லாமல் போகும்;
ஒரு பெயர் அடித்தால் ஒரு சேவ்,
விரலைப் பழக்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது.
புரொசெசர் பெட்டி உடைபடாமல்
அலுமாரியில், சாரிகளுக்கு நடுவே.
ஒரு துளி மின்சாரமும் தொடாமல்
அதன் உத்தரவாதத்தில் நாலு மாதம் கரைந்தது.

மொனிட்டர் கடைசி.
அக்கரைப்பற்றில் மூடிப்போன ஒரு டிஸ்பென்சரியில்
வருசக்கணக்காய் நோயாளர்களைக் கூப்பிட்டது.
ஒன்பதாயிரம்.
"வெள்ளைப் பக்கம் வந்தா லேசாத் தெரியும்,
ஒளிக்காமச் சொல்றன்" என்றான் நப்ரீஸ்.

பூட்டிய இரவு திரை கறுப்பாகவே நின்றது.
நான் சாமித்தட்டைப் பார்த்தேன்.
யதுர்ஷிகா ரெம்மைக் கழற்றி,
திரும்பச் செருகி,
இரண்டு பெருவிரலாலும் அமுக்கினாள்.
'டக்'.
காற்றாடி சுற்றியது.
தட்டில் கிடந்த பல்லி முட்டைக் கோது
காற்றில் எழும்பிப் பறந்தது.

வெள்ளைத் தாள் ஒன்றைத் திறந்தேன்.
நடுவே, பழைய சுவரில் ஈரம் போல:
அடுத்த இலக்கம் 47.

பால் கணக்குக்கு அது இடைஞ்சல் இல்லை.
பதினேழாம் வரிக்கும் இருபதாம் வரிக்கும் இடையில்
கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

இவர் அழைத்தார்.
வெள்ளைச் சுவரோரம் நின்றார்.
முதல்முறை முகம் இவ்வளவு பெரிதாய்;
காதோர நரை ஒவ்வொன்றும் தெரிந்தது.
நெற்றியில், தலைமயிருக்குச் சற்றுக் கீழே,
நாற்பத்தேழு.

"என்ன சிரிக்கிறாய்?"
ஒன்றுமில்லை என்றேன்.
லீவு எப்ப என்று கேட்டேன்.

"பேர் குடுத்திருக்கு," என்றார்.
"எனக்கு முன்னால இன்னும் ஆக்கள் நிக்கிறாங்க."